மேலட்டையைப் பார்த்து வாதாட முடியாது

வாசகர் கேள்வி – பதில்

1983-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் வக்கீலாகக் கறுப்புக் கவுன் போட்ட பெண்மணி. அரசு வழக்கறிஞர், கூடுதல் அரசு பிளீடர், சிறப்பு அரசு பிளீடர் என்று இரண்டு தவணைகளில் பத்தாண்டுக்கும் மேல் அரசுக்காக வாதாடியவர். சென்ற இதழில் அவரைப் பற்றி ஒரு சிறு குறிப்பு வெளியிட்டிருந்தோம். அதைப் படித்துவிட்டு வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு அவரே பதில் எழுதியிருக்கிறார்.

என் மகள் போன வருடம் பி.எல். முடித்து, பார் கவுன்சிலில் பதிவு செய்திருக்கிறாள். “கவர்ன்மென்ட் வக்கீல் ஆகணும்” என்கிறாள். அதற்குப் பரீட்சை உண்டா, இல்லை சிபாரிசுதானா?
– வாசகி, பெரம்பூர்

மகளுக்கு முதலில் என் வாழ்த்தைச் சொல்லுங்கள். “கவர்ன்மென்ட் வக்கீல்” என்று நாம் பொதுவாகச் சொன்னாலும், அதற்குள் இரண்டு விதமான பிழைப்பு இருக்கிறது. எது வேண்டும் என்று இப்போதே யோசித்துக்கொள்வது நல்லது.

ஒன்று, பரீட்சை எழுதிப் போவது. மாஜிஸ்திரேட் கோர்ட்டில் போலீஸ் போட்ட வழக்கை நடத்துகிறாரே, அசிஸ்டென்ட் பப்ளிக் பிராசிக்யூட்டர், அந்த வேலை. டி.என்.பி.எஸ்.சி. தேர்வு நடத்துகிறது. கிரிமினல் கோர்ட்டுகளில் குறைந்தது 5 ஆண்டு வக்கீலாக நின்றிருக்க வேண்டும். தேர்வானால் அரசு ஊழியர். மாதச் சம்பளம், பதவி உயர்வு, மாற்றல் எல்லாம் உண்டு. குற்ற வழக்குத் தொடர்வுத் துறை அவர்களுடைய துறை.

இன்னொன்று, வக்கீல்களிலிருந்து அரசு பார்த்து அழைத்துக்கொள்வது. செஷன்ஸ் கோர்ட் பப்ளிக் பிராசிக்யூட்டர் அப்படித்தான் வருகிறார். 7 ஆண்டாவது வக்கீல் தொழில் செய்திருக்க வேண்டும். கலெக்டர், செஷன்ஸ் நீதிபதியைக் கலந்துகொண்டு பெயர்ப் பட்டியல் தயாரிப்பார். ஹைகோர்ட்டில் அரசு வழக்கறிஞர், கூடுதல் அரசு பிளீடர், சிறப்பு அரசு பிளீடர் என்று படிகள் உண்டு. நான் இருந்தது இந்தப் பக்கம். இது உத்தியோகம் கிடையாது. கட்சிக்காரர் ஒருவர் வக்கீலை வைத்துக்கொள்கிற மாதிரி அரசு நம்மை வைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். பென்ஷன் இல்லை, பணிக்கொடை இல்லை.

சிபாரிசு பற்றிக் கேட்டீர்கள். ஆளுங்கட்சிக்கு வேண்டியவர்களுக்குத்தான் இந்த இடங்கள் என்று ஊர் பேசுகிறது. அதை வெறும் பேச்சு என்று தள்ள என் மனசாட்சி இடம் கொடுக்காது. ஆனால் 2016-ல் பஞ்சாப், ஹரியானா பற்றிய ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம், அரசு வக்கீல்களைத் தேர்ந்தெடுப்பது ஆட்சியாளர்களின் சொந்த விருப்பம் ஆகாது, தகுதி பார்த்து நியாயமான முறையில் நடக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. அதன் பிறகு தமிழ்நாட்டிலும் ஹைகோர்ட் அரசு வக்கீல்கள் நியமனத்துக்கு 2017-ல் விதிகள் வந்தன. விதி இருந்தால் கேள்வி கேட்க இடம் இருக்கிறது. நாங்கள் உள்ளே போன காலத்தில் கேள்வி கேட்கவே இடம் இல்லை.

மகளுக்கு என் யோசனை இதுதான். முதல் எட்டு, பத்து வருடம் அரசைப் பற்றி நினைக்கவே வேண்டாம். சிட்டி சிவில் கோர்ட்டில் பிராது எழுதட்டும், சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யட்டும், எழும்பூரில் ஜாமீன் மனு போடட்டும். எதிர்ப்பக்கம் நின்று அரசாங்கத்தோடு மல்லுக்கட்டிய அனுபவம் இல்லாமல் அரசுக்காக நிற்பவர்களுக்கு, மனுதாரர் எவ்வளவு தூரம் நடந்து கோர்ட்டுக்கு வந்திருக்கிறார் என்பது தெரிவதில்லை.

அட்வகேட் ஜெனரல், அரசு பிளீடர், பப்ளிக் பிராசிக்யூட்டர். மூவரும் ஒன்றுதானே?
– வாசகர், தாம்பரம்

இல்லை. பப்ளிக் பிராசிக்யூட்டர் குற்ற வழக்குகளுக்கு. அரசு பிளீடர் சிவில் வழக்குகளுக்கும், அரசின் உத்தரவை எதிர்த்து ஹைகோர்ட்டில் நேரே போடும் ரிட் வழக்குகளுக்கும், கோர்ட் வட்டாரத்தில் “ஜி.பி.” என்றால் அவர்தான். அட்வகேட் ஜெனரல், அதாவது தலைமை வழக்கறிஞர், அரசியல் சட்டத்திலேயே இடம் பெற்ற பதவி. 165-ஆம் பிரிவின்படி ஆளுநர் நியமிக்கிறார்; ஹைகோர்ட் நீதிபதியாகிற தகுதி இருக்க வேண்டும். 177-ஆம் பிரிவின்படி அவர் சட்டமன்றத்துக்குள் போய்ப் பேசலாம், ஓட்டுப் போட முடியாது.

சென்னையில் அந்த நாற்காலிக்குப் பெரிய பரம்பரை இருக்கிறது. வெள்ளைக்காரர்கள் மட்டுமே உட்கார்ந்த இடத்தில் இந்தியராக முதலில் பொறுப்பு வகித்தவர் பாஷ்யம் ஐயங்கார். அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் 1929 முதல் 1944 வரை இருந்தார். அப்புறம் அரசியல் சட்ட வரைவுக் குழுவிலும் உட்கார்ந்தார். பி.வி. ராஜமன்னார் அந்தப் பதவியில் இருந்துவிட்டு நீதிபதியாகி, 1948-ல் தலைமை நீதிபதியானார். கே. பராசரன் தமிழ்நாட்டின் தலைமை வழக்கறிஞராக இருந்து, பிற்பாடு இந்தியாவின் அட்டர்னி ஜெனரல் ஆனார். நான் ஜூனியராக இருந்தபோது இந்தப் பெயர்களைச் சொல்லும் மூத்தவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். கோவிலில் பேசுகிற மாதிரி.

அரசு வக்கீலுடைய ஒரு நாள் எப்படி இருக்கும்? டி.வி.யில் காட்டுவதுபோல் வாதம், பிரதிவாதம் என்று பரபரப்பாகவா?
– வாசகர், வளசரவாக்கம்

பரபரப்பு உண்டு, டி.வி. பரபரப்பு கிடையாது.

நான் பிறந்தது ராயபுரம். மொட்டை மாடியில் நின்றால் ஹைகோர்ட் கோபுரத்தின் மேலே கலங்கரை விளக்கின் வெளிச்சம் தெரியும். 1894-ல் ஏற்றிய விளக்கு, 1977-ல் மெரினாவில் புதிய கலங்கரை விளக்கம் வந்தபிறகு அணைந்தது. அந்த வெளிச்சத்தைப் பார்த்து வளர்ந்தவள் அதன் கீழேயே நாற்பது வருடம் வேலை பார்த்தேன் என்பதில் எனக்கு இன்றும் சந்தோஷம் உண்டு.

காலை 10.30-க்கு நீதிபதிகள் உட்காருவார்கள். அதற்கு முன்னாலேயே அன்றைய வழக்குப் பட்டியலான காஸ் லிஸ்ட்டைப் பார்த்து எந்த ஹாலில் எத்தனையாவது ஐட்டம் என்று குறித்துக்கொண்டு, வழக்குக் கட்டுகளைக் குமாஸ்தாவிடம் பிரித்துக் கொடுத்துவிட வேண்டும். ஒரே நேரத்தில் மூன்று ஹாலில் நம் வழக்கு வரும். ஆளோடியில் ஓடுவோம். அந்தக் கல் தரையில் ஓடியே என் முழங்கால் போனது.

புதிதாக வரும் ரிட் மனுக்களில் நீதிபதி நம் பக்கம் திரும்பி, “நோட்டீஸ் எடுத்துக்கொள்ளுங்கள்” என்பார். மனுவின் நகல் அந்த நிமிஷம்தான் கைக்கு வந்திருக்கும். வாங்கிக்கொண்டு, “இன்ஸ்ட்ரக்ஷன் வாங்க இரண்டு வாரம் வேண்டும்” என்போம். பார்க்கிறவர்களுக்கு வாய்தா கேட்பதே எங்கள் தொழில் என்று தோன்றும். அந்த இரண்டு வாரத்துக்குள் என்ன நடக்க வேண்டும் என்று பாருங்கள். மனு துறைக்குப் போக வேண்டும். அங்கிருந்து மாவட்டத்துக்கு. மாவட்டத்திலிருந்து தாலுகாவுக்கு. தாலுகாவில் ஒருவர் கோப்பைத் தேடி எடுத்து, மனுவின் ஒவ்வொரு பாராவுக்கும் குறிப்பு எழுத வேண்டும். பாராவாரிக் குறிப்பு என்போம். அது திரும்பி வந்தபிறகுதான் நான் பதில் மனு தயாரிக்க முடியும். அதில் அதிகாரி கையெழுத்துப் போட வேண்டும்.

அந்தக் கையெழுத்துக்காகவும் கோப்பைக் காட்டவும் தர்மபுரியிலிருந்தும் கள்ளக்குறிச்சியிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். ராத்திரி பஸ் ஏறி, விடியற்காலை கோயம்பேட்டில் இறங்கி, எங்கேயோ முகம் கழுவிக்கொண்டு நேரே வந்துவிடுவார்கள். மடியில் ரெக்ஸின் பை, பைக்குள் சிவப்பு நாடா கட்டிய கோப்பு. சேம்பர் வாசலில் 9 மணிக்கே உட்கார்ந்திருப்பார்கள். பெரிய அதிகாரிகளைப் பற்றி எல்லாரும் எழுதுகிறார்கள். வாசலில் உட்கார்ந்திருக்கும் அந்த உதவியாளரை யாரும் எழுதுவதில்லை. வழக்கின் உயிர் அவர் மடியில்தான் இருக்கும். முதலில் காபி வாங்கிக் கொடுங்கள், பிறகு கேள்வி கேளுங்கள் என்று என் ஜூனியர்களிடம் சொல்லிவைத்திருந்தேன். சாப்பிடாத மனுஷனிடம் தேதி கேட்டால் தப்புத் தேதிதான் வரும்.

சாயங்காலம் 4.45-க்குக் கோர்ட் எழுந்ததும் தம்புச் செட்டித் தெரு சேம்பர். மறுநாள் கட்டுகளைப் படித்து முடிக்க ராத்திரி 10 ஆகும். வாதம் எத்தனை நிமிஷம் என்று கேட்கிறீர்களா? பல நாள் மொத்தமாகவே இருபது நிமிஷம் பேசியிருப்பேன்.

அரசு பக்கம் தப்பு என்று தெரிந்தும் அரசுக்காக வாதாடியது உண்டா? மனசு உறுத்தாதா?
– வாசகி, நங்கநல்லூர்

இந்தக் கேள்விதான் அதிகம் வந்திருந்தது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அரசு வக்கீலாகிய முதல் வருஷத்தில், துறை அனுப்பிய பதில் மனுவை நம்பி, கோப்பைப் பிரிக்காமலேயே எழுந்து, “மனுதாரருக்கு நோட்டீஸ் கொடுக்கப்பட்டது” என்று சொன்னேன். நீதிபதி ஏற்றுக்கொண்டார். அன்று ராத்திரி வேறு எதற்கோ அந்தக் கோப்பைப் புரட்டியபோது நோட்டீஸின் நகல் இருந்தது, அதை மனுதாரர் வாங்கியதற்கான கையெழுத்து இல்லை. தபாலில் போனதற்குச் சீட்டும் இல்லை. மறுநாள் காலை 10.30-க்கு முதல் ஆளாக எழுந்து, “நேற்று நான் சொன்னது தவறு” என்று சொன்னேன். குரல் நடுங்கியது. அதற்கப்புறம் கோப்பைப் படிக்காமல் ஒரு வழக்கிலும் நான் எழுந்து நின்றதில்லை. மேலட்டையைப் பார்த்து வாதாட முடியாது.

அந்தப் பழக்கம் என்னைப் பல வருஷம் கழித்து ஒரு வழக்கில் கொண்டுபோய் நிறுத்தியது.

ஒரு துறையில் டிரைவராக இருந்தவர் பணியில் இருக்கும்போதே இறந்துவிட்டார். கருணை அடிப்படையில் மகனுக்கு வேலை கேட்டு அவர் மனைவி விண்ணப்பித்தார். இறந்த தேதியிலிருந்து 3 ஆண்டுக்குள் விண்ணப்பம் வர வேண்டும் என்பது விதி. “3 ஆண்டு கழித்துத்தான் விண்ணப்பம் வந்தது, ஆகவே நிராகரித்தோம்” என்று பதில் மனு. அந்த அம்மாவின் மனுவில், முன்னாலேயே கொடுத்தேன் என்று இருந்தது. ஆனால் கையில் அத்தாட்சி இல்லை. சாதாரண ஜனங்கள் ஆபீஸில் மனுக் கொடுத்தால் ரசீது கேட்டு வாங்குவதில்லை.

நான் கோப்பைக் கேட்டேன். வந்தது. முதல் தரம் புரட்டியபோது ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் தரம் பக்க எண்களைப் பார்த்தேன். கோப்பில் ஒவ்வொரு தாளுக்கும் சிவப்பு மையில் எண் போடுவார்கள். 17-க்கு அப்புறம் 21 இருந்தது. “நடுவில் மூணு தாள் எங்கே சார்?” என்று கேட்டேன். கூட வந்த கண்காணிப்பாளர் பதில் சொல்லவில்லை. ஆபீஸுக்கு வரும் மனுக்களைப் பதிந்துவைக்கும் தன்பதிவேட்டைக் கொண்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து வந்தார். பதிவேட்டில் அந்த அம்மாவின் பெயர் இருந்தது. 3 ஆண்டு முடிய இரண்டு மாதம் இருக்கும்போதே பதிந்திருந்தார்கள். மனுவுக்கு ஆபீஸ் போடும் ந.க. எண் கூட இருந்தது.

அப்புறம் அவரே பையிலிருந்து அந்த மூன்று தாளையும் எடுத்து மேஜைமேல் வைத்தார். வெள்ளைத் தாளில் பென்சிலால் கோடு போட்டு, யாரோ பள்ளிக்கூடப் பிள்ளை எழுதிக் கொடுத்த விண்ணப்பம். கீழே அந்த அம்மாவின் கையெழுத்து, எழுத்துக்கு எழுத்து தனித்தனியாக. வலது மூலையில் ஊதா மையில் வட்டமான ஆபீஸ் முத்திரை. தேதி தெளிவாக விழுந்திருந்தது.

“மேடம், இதை உள்ளே வைக்க வேண்டாம்னு மேல சொன்னாங்க” என்றார்.

“யார் சொன்னாங்கன்னு எழுதிக் கொடுங்க சார், நான் வெக்கல.”

அவர் எழுதித் தரவில்லை. தாள்களையும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அவருக்கு ஓய்வுபெற ஒரு வருஷம்தான் பாக்கி இருந்தது என்று பிறகு தெரிந்தது. அந்தத் தாள்களைக் கிழித்துப் போடாமல் பையில் வைத்திருந்தாரே, அந்த மனுஷன்மேல் எனக்கு இன்றைக்கும் மரியாதை.

வழக்கு வந்த அன்று எழுந்து, “பதில் மனுவின் 5-ஆவது பாராவை நான் வலியுறுத்தவில்லை. காலத்துக்குள் வந்த விண்ணப்பம் கோப்பில் இருக்கிறது, பார்வைக்கு வைக்கிறேன்” என்று கொடுத்தேன். நீதிபதி முத்திரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். விண்ணப்பத்தைத் தகுதிப்படி பரிசீலித்து 8 வாரத்தில் உத்தரவு போடச் சொன்னார். மொத்தம் நாலு நிமிஷம். அடுத்த வாரம் துறையிலிருந்து, எங்கள் வழக்குகளை வேறு யாரிடமாவது கொடுங்கள் என்று கடிதம் போனதாகச் சொன்னார்கள். போகட்டும். அந்த அம்மாவை நான் பார்த்ததே இல்லை. கட்டின் மேலட்டையில் பெயர் மட்டும் படித்திருக்கிறேன்.

அரசு எனக்குக் கட்சிக்காரர். அந்த டிரைவருக்குச் சம்பளம் கொடுத்ததும் அதே அரசுதான், விதியை எழுதியதும் அதே அரசுதான். விதிப்படி அந்தப் பையனுக்கு வேலை கொடுக்கும்படி ஆனால் அரசு தோற்றதாக எப்படிச் சொல்வது? நடுவில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒருவரின் பிடிவாதம் தோற்றது. எனக்கு வக்காலத்து அந்த நாற்காலி கொடுத்ததில்லை.

மற்றபடி, சட்டம் அரசு பக்கம் இருந்து, மனிதாபிமானம் எதிர்ப்பக்கம் இருந்த வழக்குகள் நிறைய. அங்கே அரசுக்காகத்தான் வாதாடினேன். ஏரிக்குள் வீடு கட்டியவர்கள் அழுதுகொண்டு நிற்பார்கள். மனசு உறுத்தியது. ஏரி நிரம்பினால் கீழே இருக்கும் தெருக்காரர்களுக்கு வக்கீல் யாரும் வந்திருக்க மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு பேசுவேன்.

எங்கள் பகுதியில் பயமுறுத்திக்கொண்டு திரிந்தவனைக் குண்டர் சட்டத்தில் போட்டார்கள். நாலே மாதத்தில் ஹைகோர்ட் விட்டுவிட்டது. ஏதோ தாள் சரியில்லையாம். இது என்ன நியாயம்?
– வாசகர், வியாசர்பாடி

உங்கள் கோபம் புரிகிறது. இந்த வழக்குகளைப் பிராசிக்யூட்டர் தரப்பில் நடத்துவார்கள். என் தோழி ஒருத்தி வருஷக்கணக்கில் நடத்தினாள். அவள் படும் பாட்டைப் பார்த்திருக்கிறேன்.

குண்டர் சட்டம், 1982-ஆம் ஆண்டின் 14-ஆவது சட்டம், குற்றம் நிரூபணமாகாமலேயே ஒருவரை 12 மாதம் வரை அடைத்துவைக்க இடம் கொடுக்கிறது. விசாரணை கிடையாது, தண்டனையும் கிடையாது, ஆனால் உள்ளே. இவ்வளவு பெரிய அதிகாரம் கொடுத்ததால்தான் சின்னச் சின்னக் கெடு வைத்திருக்கிறார்கள். 5 நாளுக்குள் காரணங்களைக் கையில் கொடுக்க வேண்டும். 12 நாளுக்குள் அரசு ஒப்புதல் தர வேண்டும். 3 வாரத்துக்குள் ஆலோசனைக் குழுவுக்குப் போக வேண்டும். அடைபட்டவர் மனுக் கொடுத்தால் தாமதமில்லாமல் பார்க்க வேண்டும். இது அரசியல் சட்டத்தின் 22-ஆம் பிரிவு.

ராஜம்மாள் என்ற தமிழ்நாட்டு வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லியிருக்கிறது. அங்கே அமைச்சர் சுற்றுப்பயணத்தில் இருந்ததால் சில நாள் கோப்பு கிடந்தது. அது போதுமான காரணம் ஆகாது என்று விடுவித்தார்கள். எத்தனை நாள் என்பது பெரிதில்லை, அந்த நாட்களுக்குக் காரணம் சொல்ல முடிகிறதா என்பதுதான் கேள்வி. என் தோழி ஒரு தாளில் கட்டம் போட்டு, மனு வந்த தேதி, குறிப்புக் கேட்ட தேதி, குறிப்பு வந்த தேதி, நடுவில் எத்தனை ஞாயிறு, எத்தனை அரசு விடுமுறை என்று எண்ணிக்கொண்டிருப்பாள். எங்கேயோ ஆறு நாள் இடிக்கும். தமிழ் மட்டும் தெரிந்தவனுக்கு இங்கிலீஷ் ஆவணத்தை மொழிபெயர்க்காமல் கொடுத்திருப்பார்கள். நகல் கறுப்பாக விழுந்து படிக்க முடியாமல் இருக்கும். அவள் தலையில் கை வைத்துக்கொள்வாள்.

கோபத்தை அந்த ஆறு நாள்மேல் வையுங்கள். அப்புறம், அவன்மேல் உள்ள மூல வழக்கு முடிந்துவிடவில்லை; அதில் சாட்சி சொல்ல வேண்டியவர்கள் போய்ச் சொன்னால் அவனுக்குத் தண்டனை கிடைக்க வழி உண்டு.

அரசு அப்பீல் போடும்போதெல்லாம் 300 நாள், 400 நாள் தாமதம். எங்களுக்கு 30 நாள் தாண்டினாலே கதவைச் சாத்துகிறார்கள். அரசுக்குத் தனிச் சட்டமா?
– வாசகர், அம்பத்தூர்

முன்பு நடைமுறையில் கொஞ்சம் அப்படித்தான் இருந்தது. 2012-ல் தபால் துறை சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில், 427 நாள் தாமதத்தை மன்னிக்க உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. கோப்பு மேஜை மேஜையாகப் போனது என்பதை இனிமேல் காரணமாகச் சொல்லாதே, காலவரம்பு அரசுக்கும் உண்டு என்று முகத்தில் அடித்தாற்போல் சொன்னது. அதன் பிறகு எங்கள் பாடு கஷ்டமானது, ஆகட்டும், சரிதான்.

உள்ளே இருந்து பார்த்ததைச் சொல்கிறேன். பல தாமதங்களுக்குச் சோம்பல் காரணம் இல்லை, பயம்தான் காரணம். தீர்ப்பு வந்ததும் நான் கருத்து எழுதி அனுப்புவேன்: “இதில் அப்பீல் போட முகாந்திரம் இல்லை, அமல்படுத்திவிடலாம்.” அதில் கையெழுத்துப் போட ஆள் கிடைக்காது. அப்பீல் போட வேண்டாம் என்று எழுதினால் நாளைக்குத் தணிக்கையில் கேள்வி வரும் என்று கீழே இருப்பவர் மேலே தள்ளுவார், மேலே இருப்பவர் இன்னும் மேலே. கடைசியில் கோர்ட் அவமதிப்பு மனு வந்த அன்றைக்கு எல்லாரும் விழித்துக்கொண்டு, “மேடம், அவசரமா அப்பீல் போட்டுடுங்க” என்பார்கள். நிலம் எடுத்த வழக்குகளில் இந்தப் பயத்துக்கு விலை அதிகம். 1894-ஆம் வருஷத்துப் பழைய சட்டத்தின்கீழ் உயர்த்திய இழப்பீட்டுக்கு முதல் வருஷம் 9 சதவீதம், அதற்குமேல் 15 சதவீதம் வட்டி. அப்பீல் நிலுவையில் கிடக்கக் கிடக்க அரசுப் பணம்தான் கரைந்தது. போட வேண்டாம் என்று துணிந்து எழுதிய அதிகாரிகள் சிலரைத் தெரியும். அவர்களுக்கு யாரும் பாராட்டு விழா நடத்தவில்லை.

ஆட்சி மாறினால் அரசு வக்கீல்கள் எல்லாரையும் மாற்றிவிடுகிறார்களே. அவமானமாக இருக்காதா?
– வாசகர், மயிலாப்பூர்

இரண்டு தரம் இறங்கியிருக்கிறேன். முதல் தரம் வருத்தமாக இருந்தது. இரண்டாம் தரம், கட்டுகளை ஒழுங்காக ஒப்படைக்க வேண்டுமே என்ற கவலைதான் இருந்தது. ஒவ்வொரு கட்டின் மேலும் ஒரு தாள் குத்தி, வழக்கு எந்த நிலையில் இருக்கிறது, என்ன ஆவணம் வரவேண்டியிருக்கிறது, எந்தத் தேதிக்குள் பதில் மனு போட வேண்டும் என்று என் கையால் எழுதி வைத்தேன். மூன்று நாள் ஆனது. புதிதாக வந்தவர் வேறு கட்சிக்கு வேண்டியவர் என்றார்கள். அவர் ஒரு மாதம் கழித்து போன் பண்ணி, “அக்கா, அந்தத் தாள் இல்லேன்னா செத்திருப்பேன்” என்றார்.

தலைமை வழக்கறிஞர் ஆட்சியோடு போவது வழக்கம்; பெரும்பாலும் அவர்களே ராஜினாமா கொடுத்துவிடுவார்கள். மற்றவர்களைக் கூண்டோடு அனுப்புவது சரியா என்ற கேள்வி 1990-லேயே வந்தது. உத்தரப் பிரதேசத்தில் ஒரே சுற்றறிக்கையில் எல்லா மாவட்ட அரசு வக்கீல்களையும் நீக்கினார்கள். அது எதேச்சாதிகாரம் என்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. மாவட்ட அரசு வக்கீல் பதவியில் பொதுநலன் அடங்கியிருக்கிறது என்று அந்தத் தீர்ப்பு சொன்னதை நான் பல கூட்டங்களில் எடுத்துச் சொல்லியிருக்கிறேன். நடைமுறை இன்னும் அந்த அளவுக்கு வரவில்லை. வர வேண்டும்.

குழந்தைகளை வைத்துக்கொண்டு எப்படிச் சமாளித்தீர்கள்?
– வாசகி, கொளத்தூர்

என் மாமியார் சமாளித்தார்கள். இதை மறைத்து எழுதினால் பொய்யாகிவிடும். நான் ராத்திரி வீடு திரும்பும்போது பிள்ளைகள் சாப்பிட்டுத் தூங்கியிருப்பார்கள். மாமியார் மட்டும் விழித்திருந்து, “இன்னைக்கு ஜட்ஜ் என்ன சொன்னார்?” என்று கேட்பார்கள். ஐந்தாவது வரை படித்தவர்கள். இடைக்காலத் தடைக்கும் இறுதி உத்தரவுக்கும் என்ன வித்தியாசம் என்று எங்கள் தெருவில் அவர்களுக்குத் தெரிந்த மாதிரி யாருக்கும் தெரியாது.

உங்களுக்கு அப்படி ஒருவர் இல்லையென்றால், சேம்பரை வீட்டுக்குப் பக்கத்தில் கொண்டு வாருங்கள். சீனியரிடம் வெட்கப்படாமல் நேரத்தைப் பேசிக்கொள்ளுங்கள்.

உங்களை “மூத்த வழக்கறிஞர்” என்று போடலாமா?
– வாசகர், திருவல்லிக்கேணி

வயதைப் பார்த்துச் சொன்னால் சரி. சட்டப்படி கூடாது. 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டம் 16-ஆம் பிரிவின்கீழ் ஹைகோர்ட்டோ உச்ச நீதிமன்றமோ தகுதி பார்த்து அளிக்கும் தனி அந்தஸ்து அது. அவர்கள் தாங்களாக வக்காலத்து போட முடியாது, இன்னொரு வக்கீலுடன்தான் ஆஜராக வேண்டும். நான் அதற்கு விண்ணப்பிக்கவில்லை. வக்காலத்தில் கையெழுத்துப் போடுவது எனக்குப் பிடிக்கும்.

பட்டா விஷயமாக அரசுமேல் வழக்குப் போட, கலெக்டருக்கு 80-ஆம் பிரிவு நோட்டீஸ் அனுப்பி 70 நாள் ஆகிறது. பதில் இல்லை. இன்னும் காத்திருக்க வேண்டுமா?
– வாசகர், மாதவரம்

வேண்டாம். சிவில் நடைமுறைச் சட்டம் 80-ஆம் பிரிவு கேட்பது 2 மாதம், அது முடிந்துவிட்டது. நோட்டீஸில் உங்கள் பெயர், விவரம், முகவரி, வழக்குக்கான காரணம், என்ன பரிகாரம் கேட்கிறீர்கள் என்ற ஐந்தும் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். நோட்டீஸ் கொடுத்ததைப் பிராதிலும் குறிப்பிட வேண்டும். விட்டுவிட்டால் எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொள்ளும். இந்த இரண்டு மாதத்துக்குள் யாராவது நிலத்தில் கை வைத்திருந்தால்கூட, கோர்ட் அனுமதியோடு உடனே வழக்குப் போட வழி உண்டு. அதே பிரிவின் இரண்டாம் உட்பிரிவைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒன்று மட்டும். உங்கள் வழக்கு வந்ததும் அந்தப் பக்கத்து வக்கீல் முதலில் கேட்கப்போவது, நோட்டீஸ் ஆபீஸுக்கு வந்து சேர்ந்த தேதிதான். நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்பேன். அவர்கள் கோப்பில் அந்தத் தாள் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். தபால் ஒப்புகைச் சீட்டை இரண்டு நகல் எடுத்து, அசலை வீட்டில் வைத்துக்கொண்டு, நாளைக்கே வக்கீலைப் போய்ப் பாருங்கள்.